கடலூர் ஊர்ப்பாதைகளில் ஒரு பகல் முழுதும் தனியாகச் சைக்கிள் பயணம்: முழுமையான வழிகாட்டி

சாலையில் 30 கி.மீ. வரை சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள், கடலூரைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகள், வாய்க்கால் கரைகள், முந்திரித் தோப்பு வண்டிப்பாதைகள் வழியாக ஒரே பகலில் 90 முதல் 100 கி.மீ. வரை துணையின்றிச் சென்று திரும்ப உதவுவதற்காக இது எழுதப்பட்டுள்ளது. இப்படிக் கிளம்பும் புதியவர்கள் கால் வலுவில்லாமல் பாதியில் நிற்பது குறைவு. நண்பகலில் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாததாலும், உடைந்த முள்ளின் நுனியை டயருக்குள்ளேயே விட்டுவிட்டுப் புது டியூபை மாட்டியதாலுமே பெரும்பாலும் நிற்கிறார்கள். ஆகவே கீழேயுள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். குறிப்பாக, 1 முதல் 3 வரையுள்ள படிகள் முடியும் முன் சைக்கிளுக்கோ பைச் சாமான்களுக்கோ பணம் செலவழிக்க வேண்டாம்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பொங்கல் கழிந்த பிறகு மாசி முடியும் வரையிலான காலமே முதல் பயணத்துக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இந்த மாவட்டத்தில் வலுவாகப் பெய்யும். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என ஐந்து ஆறுகளும் இதன் வழியாகவே கடலுக்குச் செல்வதால், மேற்கே பெய்த மழை இங்கே வானம் வெளுத்த பிறகும் தரைப்பாலங்களை மூழ்கடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது என்பதால், ஆங்கில ஆண்டின் கடைசி வாரம் வந்துவிட்டால் மழை ஓய்ந்தது என்று யாரும் கணக்கிட வேண்டியதில்லை. சித்திரையிலோ அக்கினி நட்சத்திரத்திலோ நிழலற்ற ஏரிக்கரையில் தனியாக இருப்பது வீண் ஆபத்து.

தை, மாசியிலும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, தைப்பூசம். அன்றும் அதற்கு முந்தைய பிந்தைய நாட்களிலும் வடலூரில் சோதி தரிசனத்துக்குப் பெருங்கூட்டம் சேரும். ஊருக்குள் நுழையும் சாலைகள் எல்லாம் வண்டிகளால் நிறைந்திருக்கும். இரண்டாவது, சம்பா அறுவடை. கரைப்பாதைகளில் வைக்கோலும், தார்ச்சாலைகளில் காயும் நெல்லும் பரந்து கிடக்கும். நெல்லின் மீது ஓட்டினால் சக்கரம் வழுக்கும், உழைத்தவரின் மனமும் நோகும். இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். வைக்கோலின் மீது ஓட்டினால் அது ஃப்ரீவீலில் (பின்சக்கரப் பல்சக்கரத்தில்) சுற்றிக்கொண்டு, செயினை மாற்றும் கியர் கையை முறிக்கும்.

2. தூரத்தைப் பகல் வெளிச்சத்திலிருந்து கணக்கிடுங்கள்

"நான் மணிக்கு 20 கி.மீ. போவேன்" என்பது தார்ச்சாலைக் கணக்கு. ஊர்ப்பாதையில் காலை வேளையில் மணிக்கு 13 கி.மீ., பிற்பகலில் 11 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேகம் கூச்சப்பட வேண்டிய ஒன்றல்ல. மேடு பள்ளமும் மணலும் வழி கேட்டு நிற்பதும் சேர்ந்தால் நல்ல ஓட்டுநருக்கும் இவ்வளவுதான் வரும்.

ஜனவரி நடுவில் இங்கே ஏறத்தாழ 6.30 மணிக்குச் சூரியன் எழுந்து 6 மணிக்கு மறையும். அந்தப் பதினொன்றரை மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தைத் தொடாத இருப்பாக ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் இரண்டு மணி நேரம் போனால் மீதி எட்டு மணி நேரமே ஓட்டும் நேரம். அதற்கு 96 கி.மீ. வருகிறது. அதற்கு மேல் திட்டமிடுபவர்கள் இருட்டில் ஓட்டுவதற்கும் சேர்த்தே திட்டமிடுகிறார்கள், அதை அவர்கள் அப்போது உணர்வதில்லை என்பதே வித்தியாசம். நேர வரம்புக்குள் நெடுந்தூரம் ஓட்டி முடிக்கும் ராண்டனே முறையில் 200 கி.மீ. பயணத்துக்கு 13 மணி 30 நிமிடம் வரம்பு என்று படித்துவிட்டு அதை இங்கே பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த வரம்பு சாலைப் பயணத்துக்கானது.

3. வளையத்தைத் தேர்ந்து, அதை நான்கு துண்டுகளாக வெட்டுங்கள்

போன வழியே திரும்பி வரும் பயணத்தை விட வளையப் பயணம் நல்லது. ஆனால் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள் என்பது முக்கியம். நான் புதியவர்களுக்குச் சொல்லும் வளையம் இது: கடலூரிலிருந்து தெற்கே ஆலப்பாக்கம் வழியாகப் பெருமாள் ஏரிப் பகுதி, அங்கிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், பிறகு வடக்கே காடாம்புலியூர்ப் பக்கத்துத் தோப்புகள் வழியாகப் பண்ருட்டி அல்லது நடுவீரப்பட்டு, கடைசியாகப் பாலூர், திருவந்திபுரம் வழியாகக் கடலூர். பாதைகளின் வளைவையும் சேர்த்தால் 90 கி.மீ.க்குக் குறையாது.

இந்தத் திசையில் போவதற்குக் காரணம் காற்று. தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். வெயில் ஏறிய பிறகு கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். காலையில் மறைவில்லாத ஏரிக்கரையைக் காற்று முதுகில் படும்படி கடந்துவிட்டால், எதிர்காற்று எழும் பிற்பகலில் நீங்கள் முந்திரி மரங்களின் மறைவில் இருப்பீர்கள். தலைகீழாகச் சுற்றினால், களைத்த காலோடு ஏரிக்கரையில் எதிர்காற்றைச் சந்திக்க வேண்டியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. பண்ருட்டி - கடலூர்ச் சாலைகளில் பேருந்து அடிக்கடி வரும், ஊர்கள் நெருக்கமாக இருக்கும். தனியாகப் போகிறவருக்கு, வெளியேறும் வழி அதிகமுள்ள துண்டு கடைசியில் வருவதே பாதுகாப்பு.

இப்போது வளையத்தை நான்கு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரங்களைத் தாளில் எழுதுங்கள்: தண்ணீர் கிடைக்கும் இடம், தார்ச்சாலைக்கு வெளியேறும் இடம், அந்தத் துண்டை எந்த மணிக்குள் முடித்திருக்க வேண்டும் என்பது. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இந்த வளையத்தில் அந்த நேரங்களுள் மீறவே கூடாத கெடு ஒன்றுதான்: பகல் 12.30 மணிக்குள் வடலூரை விட்டுக் கிளம்ப முடியாவிட்டால் தோப்புப் பக்கம் திரும்பக் கூடாது. வந்த திசையிலேயே குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி வழியாகத் தார்ச்சாலையில் கடலூர் திரும்பிவிடுங்கள். இந்தக் கெடுவை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்வதன் பயன் என்னவென்றால், வடலூரில் வெயிலில் நிற்கும்போது உங்கள் ஆசையோடு நீங்களே பேரம் பேச வேண்டியிராது.

புதுச்சேரியிலிருந்து வருபவர்கள் இந்த வளையத்தோடு கடலூர் வரைக்குமான சாலையையும் சேர்த்து ஓட்ட நினைக்க வேண்டாம். இரு வழிக்கும் சேர்த்து 40 கி.மீ.க்கு மேல் கூடிவிடும். முதல் நாள் இரவே கடலூர் வந்து தங்குவது மேல்.

4. வரைபடத்தை நம்பும் அளவை முடிவு செய்யுங்கள்

செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரியும் ஏரியோரப் பாதை கோடையில் எடுத்த படமாக இருக்கலாம். தை மாதத்தில் ஏரி நிறைந்திருக்கும்போது அதே பாதை தண்ணீருக்குள் இருக்கும். ஆகவே ஏரியின் உட்புறம் தெரியும் கோடுகளை விட்டுவிட்டு, கரையின் மேல் செல்லும் பாதையையோ கரைக்கு வெளியே வயலோரம் செல்லும் பாதையையோ தேர்ந்தெடுங்கள். வடலூர், நெய்வேலிப் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் விரிந்துகொண்டே போவதால், சில ஊர்ப்பாதைகள் பழைய வரைபடத்தில் மட்டுமே இருக்கின்றன. வடலூரிலிருந்து வடக்கே செல்லும் முதல் சில கிலோமீட்டரைத் தார்ச்சாலையிலேயே கடந்துவிடுங்கள்.

வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி கைப்பேசியில் இறக்கி வையுங்கள். முந்தைய நாள் வீட்டிலேயே ஏர்பிளேன் மோடில் போட்டு அது திறக்கிறதா என்று பாருங்கள். பாதி பேர் இதைச் செய்வதில்லை, தோப்புக்குள் போய்த்தான் வெற்றுத் திரையைப் பார்க்கிறார்கள். துண்டுகளின் ஊர்ப்பெயர்களைத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வழி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "இந்தக் கரை குறிஞ்சிப்பாடிக்குப் போகுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "போகும் தம்பி, போ" என்றே பதில் வரும். சொல்பவர் பொய் சொல்லவில்லை; நடந்தால் எதுவும் போகும்தான். அதற்குப் பதிலாக, "அண்ணே, இந்தக் கரையில வண்டி எதுவரைக்கும் போகும்? அதுக்கப்புறம் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். உடைப்பு, மதகு, முள்வேலி எல்லாம் அப்போதுதான் பேச்சில் வரும். நூறு நாள் வேலையில் கரையோரம் இருக்கும் அக்காமார்களிடம் கேட்பது இன்னும் நல்லது. அந்த வாய்க்காலின் ஒவ்வொரு மடையும் அவர்களுக்குத் தெரியும்.

5. சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. 35 முதல் 45 மி.மீ. அகல டயரும், ஏற்றத்துக்கு எளிதான ஒரு கியரும், உறுதியான பிரேக்கும் இருந்தால் போதும். அகல டயர் எதற்கென்றால், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் பாதையில் மேலே ஒரு விரற்கடை மணல் கிடக்கும். ஒல்லி டயர் அதைக் கீறிக்கொண்டு இறங்கிவிடும்.

காற்றழுத்தத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பஞ்சர் வரக் கூடாது என்று கல்லாக அடைக்கிறார்கள். 40 மி.மீ. டயருக்கு, 65 - 70 கிலோ எடையுள்ளவர் 45 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தால் மணலிலும் பிடிப்பு இருக்கும், முதுகும் தாங்கும். கருவேல முள் எந்த அழுத்தத்திலும் ஏறத்தான் செய்யும். அதற்கு மருந்து டயருக்கும் டியூபுக்கும் இடையே வைக்கும் லைனர் பட்டை. எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

உங்கள் டியூபின் வால்வு எது என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் இருக்கும் தடித்த வால்வானால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். ஒல்லியான பிரெஸ்டா வால்வானால் கடைக்காரரின் குழாய் அதில் பொருந்தாது. சிறு பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வையுங்கள். கிராமத்துக் கடைகளில் 700சி, 29 அங்குல டியூப்கள் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, இரண்டு உதிரி டியூப்களை எடுத்துச் செல்லுங்கள்.

சீட்டு உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பலர் தரையில் இரு காலும் ஊன்ற வசதியாகத் தாழ்த்தி வைக்கிறார்கள், 50 கி.மீ.க்குப் பின் முட்டியின் முன்பக்கம் வலிப்பது அதனால்தான். எதை மாற்றினாலும் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். புதுச் சீட்டு, புது டயர், புதுச் செருப்பு மூன்றையும் பயண நாளில் சோதிக்கக் கூடாது.

6. பையில் வைக்க வேண்டியவை

பஞ்சர் சாமான்கள்: உதிரி டியூப் இரண்டு, ஒட்டுப் போடும் ரப்பர், சொலூஷன், உப்புத்தாள், டயர் லீவர் இரண்டு, கைப் பம்பு, ஒரு முள்வாங்கி, ஒரு பழைய பருத்தித் துணி. சொலூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் சில வாரங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். உடைக்காத புதியதை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு அலன் சாவிகள் அடங்கிய சிறு கருவி, செயின் இணைப்பு ஒன்று, உடைந்ததை இறுக்கிக் கட்ட நாலைந்து பிளாஸ்டிக் டேக்.

தண்ணீர் மூன்று லிட்டர். இரண்டைக் குடிக்கலாம், மூன்றாவதைத் தீரவிடக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு; கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டும் தலைதட்டிய அளவில், கலந்துகொள்ளலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, கெண்டைக்கால் இழுக்கும்.

சாப்பிடக் கடலைமிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம். அரை பிளேடு, மஞ்சள், கட்டுத்துணி, கைப்பேசிக்குப் பவர் பேங்க், முன் பின் விளக்குகள், சில்லறையாக 500 ரூபாய். கைப்பேசியில் பணம் அனுப்பலாம் என்று பணமில்லாமல் வருகிறவர்கள், சிக்னல் இல்லாத இடத்து இளநீர்க் கடையில் விழிக்கிறார்கள். இரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும், பையில் வேண்டாம். பை சைக்கிளோடு போய்விடலாம், சட்டை உங்களோடு இருக்கும்.

முதுகில் பை மாட்டாதீர்கள். வேர்வை வடிய வழியில்லாமல் முதுகு வேகும், எடை முழுதும் உட்காரும் இடத்தில் இறங்கும். கேரியரில் வைத்துப் பழைய டியூபால் கட்டிவிடுங்கள்.

7. ஒத்திகை

மூன்று ஞாயிறுகள் போதும்: 40, 60, 75 கி.மீ. மூன்றிலும் முழுச் சுமையோடு போக வேண்டும். முதல் ஒத்திகைக்குப் பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள பாதைகள் நல்லவை. கடலூர், புதுச்சேரி இரண்டிலிருந்தும் எட்டும் தூரம். தென்பெண்ணைத் தண்ணீரைச் சொர்ணாவூரிலிருந்து கொண்டுவரும் பங்காரு வாய்க்காலின் கரையைப் பழகுவதற்குப் பயன்படுத்தலாம். அந்தப் பக்கத்தில் புதுச்சேரி எல்லையும் தமிழக எல்லையும் பின்னிக் கிடப்பதால், ஒரே பாதை ஒரு கி.மீ.க்குள் நல்ல தாராகவும் குண்டும் குழியுமாகவும் மாறும். எல்லைச் சாவடியில் மதுபாட்டில் சோதனைக்குப் பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஒத்திகையில் கட்டாயம் ஒருமுறை, பஞ்சர் ஆகாவிட்டாலும், பின்சக்கரத்தை வீட்டு வாசலில் கழற்றி டியூபை மாற்றிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் இன்னொருமுறை செய்யுங்கள்.

8. வீட்டில் ஒருவரிடம் தாளைக் கொடுங்கள்

துண்டுகள் எழுதிய தாளின் நகலை, அன்று முழுதும் கைப்பேசியை எடுக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். எழுதிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் கடந்தும் செய்தி வராவிட்டால் அவர் அழைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கடந்தால், கடைசியாகச் செய்தி வந்த ஊரிலிருந்து அடுத்த துண்டு வழியாக ஆளை அனுப்ப வேண்டும். "பார்த்துப் பேசிக்கலாம்" என்று விட்டால், சிக்னல் இல்லாத அரை மணி நேரத்திலேயே வீடு கலங்கிவிடும், அல்லது உண்மையில் ஆபத்து நேர்ந்தபோது யாரும் கிளம்பமாட்டார்கள்.

கூடவே, குட்டியானை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். உடைந்த சைக்கிளைப் பேருந்தில் ஏற்றுவது நடத்துநரின் மனதைப் பொறுத்தது. குட்டியானையில் அந்தப் பிரச்சினை இல்லை.

9. பயண நாள்

முதல் துண்டு, கடலூர் முதல் பெருமாள் ஏரி வரை. 6.15 மணிக்கு விளக்குகளை எரியவிட்டுக் கிளம்புங்கள். தை மாதப் பனியில் சிதம்பரம் சாலையில் லாரி ஓட்டுநருக்கு உங்கள் சட்டை நிறம் தெரியாது, பின்விளக்கு தெரியும். சிப்காட் பகுதியைப் போக்குவரத்து கூடும் முன் கடந்துவிடுவது இந்தப் புறப்பாட்டு நேரத்துக்கு இன்னொரு காரணம். இந்தத் துண்டில் வேகம் தானாக வரும், அதை அடக்குங்கள். வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் அது உங்கள் வேகமல்ல.

இரண்டாம் துண்டு, ஏரியிலிருந்து வடலூர் வரை. கரைப்பாதையில் சக்கரத்தடம் இரண்டு இருக்கும். வண்டிகள் அடிக்கடி போகும் தடத்தில் முள் குறைவு. நடுவிலுள்ள புல்மேட்டில் ஓட்டாதீர்கள், வெட்டிப் போட்ட கருவேலங் கிளைகளின் சிம்புகள் அங்கேதான் கிடக்கும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, பசி எடுக்காவிட்டாலும், கொஞ்சம் சாப்பிடுங்கள். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும்.

வடலூரில் 11 மணிக்கு இருந்தால் சரியான கணக்கில் வந்திருக்கிறீர்கள். வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் வருகிற யாருக்கும் சாப்பாடு உண்டு. பந்தியில் உட்கார்ந்து அளவோடு சாப்பிடுங்கள். வயிறு நிறையச் சோறு உண்டுவிட்டு உடனே ஏறினால் அடுத்த ஒரு மணி நேரம் தூக்கமும் நெஞ்செரிச்சலும்தான். சாப்பிட்டு இருபது நிமிடம் நிழலில் கால் நீட்டுங்கள். அப்போதே டயர் இரண்டையும் கையால் சுற்றிப் பார்த்து, குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். கெடு கடந்திருந்தால் குறிஞ்சிப்பாடிச் சாலைதான்.

மூன்றாம் துண்டு, தோப்புகள். இது அழகான துண்டு, வழி தவறுவதும் இங்கேதான். எல்லா முந்திரித் தோப்பும் ஒரே மாதிரி இருக்கும். வண்டிப்பாதைகள் கிளைத்துக்கொண்டே போய்க் களத்திலோ மோட்டார் கொட்டகையிலோ முடியும். இரண்டு கிளை மாறியதும் நின்று வரைபடத்தைப் பாருங்கள். வெயில் இடது தோளில் விழுந்தால் வடக்கே போகிறீர்கள் என்பது தை மாதப் பிற்பகலுக்கான எளிய கணக்கு. கிளைகள் தலை உயரத்தில் நீண்டிருக்கும், ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மணல் ஆழமான இடத்தில் எளிய கியருக்கு முன்பே மாற்றி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டில்பாரை இறுக்காமல் மிதியுங்கள்; முன்சக்கரத்தைத் திருப்பினால் விழுவீர்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். நூறு மீட்டர் தள்ளுவதற்கு இரண்டு நிமிடம், விழுந்து எழுவதற்கு அதைவிட அதிகம்.

தோப்பு தனியார் நிலம் என்பதை மறக்க வேண்டாம். ஆள் இருந்தால் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். பங்குனி, சித்திரையில் கொட்டை விழும் காலத்தில் காவல் இருக்கும். அப்போது சொல்லாமல் நுழைபவரைத் திருடனாகத்தான் பார்ப்பார்கள், அதில் தவறும் இல்லை.

நான்காம் துண்டு, பாலூர் வழியாகக் கடலூர். காற்று எதிரே வரும், உட்காரும் இடம் வலிக்கும், வேகம் மணிக்கு 10-ஆகக் குறையும். இதை எதிர்பார்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம். இங்கே பாதையை விட்டுத் தார்ச்சாலைக்கு மாறினாலும் பயணம் முழுமையானதே. திருவந்திபுரத்தில் கெடிலத்தைப் பார்க்கும்போது மாலை 5 மணிக்குள் இருக்க வேண்டும். பிந்தினால் விளக்கைப் போட்டு நேர்ச்சாலையில் வந்துவிடுங்கள்.

10. பஞ்சர் ஆனால் செய்ய வேண்டிய வரிசை

சக்கரத்தைக் கழற்றும் முன், வால்வுக்கு நேராக டயரின் பக்கச் சுவரில் சொலூஷனாலோ சுண்ணாம்பாலோ ஒரு குறி வையுங்கள். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் நெம்பி டியூபை எடுங்கள். டியூபில் காற்றடித்து உதட்டருகே மெல்ல நகர்த்தினால், காதுக்குக் கேட்காத ஓட்டையும் உதட்டுக்குத் தெரியும். ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, டயரிலும் குறியிலிருந்து அதே தூரத்தில்தான் முள் இருக்கும். குறி வைத்தது இதற்குத்தான்.

இப்போது அவசரப்படாதீர்கள். கருவேல முள் வெளியே முறிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கரும்புள்ளி, அவ்வளவுதான். பருத்தித் துணியை டயரின் உட்புறத்தில் முழுச் சுற்று தேய்த்துவாருங்கள். நுனி நூலை இழுத்துப் பிடிக்கும். விரலால் தேடினால் விரல்தான் கிழியும். டயரை அந்த இடத்தில் வெளிப்புறமாக மடக்கினால் நுனி தலைதூக்கும், முள்வாங்கியால் பிடித்து வந்த திசையிலேயே இழுங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாமல் துணியை இன்னொரு சுற்று விடுங்கள். புது டியூப் பத்து நிமிடத்தில் இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவது நுனிதான்.

பாதையில் உதிரி டியூபை மாட்டுங்கள். ஒட்டுப் போடுவதை நிழலில் உட்காரும்போது செய்யலாம். உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, சொலூஷனை மெல்லிசாகத் தடவி, ஈரப் பளபளப்பு மறையும்வரை ஐந்து நிமிடம் காத்திருந்து ஒட்டை அழுத்துங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் வெயிலில் பிரிந்துவிடும்.

11. நாய், தண்ணீர், பாம்பு

நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள். ஓடாத பொருளில் அதற்கு அக்கறை குறையும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, பயணத்தை அங்கேயே முடித்து, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சிறு கீறல் என்று தள்ளிப்போடக் கூடாது.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். கணுக்கால் அளவாகத் தெரிந்தாலும் பாலத்தின் ஓரம் எங்கே அரித்திருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது.

வரப்பிலும் கரையிலும் புல்லுக்குள் கால் வைத்து இறங்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவதும் கீறிவிடுவதும் வேண்டாம். அசையாமல் உட்கார்ந்து 108-ஐ அழைத்து, அருகிலுள்ள ஊரின் பெயரையும் கரையின் பெயரையும் சொல்லுங்கள். தாளில் ஊர்ப்பெயர் எழுதச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

12. வீடு திரும்பிய பின்

தாள் வைத்திருப்பவருக்கு முதலில் செய்தி அனுப்புங்கள்; குளிப்பது பிறகு. செயினிலும் ஃப்ரீவீலிலும் சுற்றியுள்ள வைக்கோலையும் செம்மண்ணையும் அன்றே காய்ந்த துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் மண் பால்பேரிங்குக்குள் இறங்கும். மறுநாள் காலை இரண்டு டயரையும் அழுத்திப் பாருங்கள். இரவில் மெதுவாக இறங்கியிருந்தால் ஒரு நுனி இன்னும் உள்ளே இருக்கிறது, துணியை எடுங்கள். பிறகு துண்டுத் தாளில், எந்தக் கரை உடைந்திருந்தது, எந்த மதகில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது, ஒவ்வொரு ஊரையும் உண்மையில் எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்று எழுதிச் சேருங்கள். அடுத்த வளையமாக வீராணம் ஏரிக்கரைக்குப் போக நினைத்தால், அங்குள்ள தூரத்தை உங்கள் சொந்த வேகத்தால் வகுத்துப் பார்க்க இந்த எண்கள்தான் வேண்டும். கடலூரிலிருந்து அது ஒரு பகலில் முடியாது. இடையில் சிதம்பரத்திலோ சேத்தியாத்தோப்பிலோ ஓரிரவு தங்க வேண்டியிருக்கும்.